திருநீறு பூசிய மான்குட்டி

என் கை சும்மா இருக்காது. இதை என் மனைவி சுமித்ரா இருபத்தாறு வருடமாகச் சொல்லிவருகிறாள். நானும் இருபத்தாறு வருடமாகக் கேட்காமல் வருகிறேன். புதுக் கார் வாங்கினால் அதன் முகப்பில் திருநீறு. புதுக் கமெராவுக்குத் திருநீறு. நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரிச் சமையலறைக்குப் பாத்திரம் கழுவும் பெரிய மெஷின் வந்தபோது, செஃப் அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து அதற்கும் ஒரு கீற்று. காற்சட்டைப் பையில் ஒரு சின்னப் பொட்டலம் எந்நேரமும் இருக்கும். எதையாவது தொடங்கும்போது கை தன்பாட்டில் அங்கே போய்விடும். என்னிடம் கேட்காது.

அந்தக் கைதான் போன வருடம் மே மாதக் கடைசியில், சுவிஸில் பேர்ண் நகருக்குத் தெற்கே ஒரு மேட்டுப் புல்வெளியில், பிறந்து இரண்டு நாள்கூட ஆகாத மான்குட்டி ஒன்றின் உயிருக்கு உலை வைக்கப் பார்த்தது.

நான் அங்கே போன கதையை முதலில் சொல்கிறேன். ஆஸ்பத்திரி வேலை போக, சனி ஞாயிறில் நான் வீடியோக்காரன். கலியாணம், சாமத்தியவீடு, கோயில் தேர், எதுவென்றாலும் ட்ரோன் விட்டு எடுத்துக் கொடுப்பேன். விளையாட்டுக்கு விடுகிறவன் என்று நினைக்க வேண்டாம், பரீட்சை எழுதி லைசென்ஸ் எடுத்தவன். சனத்துக்கு மேலே பறக்கக் கூடாது என்பது சட்டம். தேர் என்றாலே சனம்தான். சட்டத்தையும் மீறாமல், தேர்க் கலசத்தையும் விடாமல், காற்றுக்குள் ஆடாமல் பக்கவாட்டில் நிறுத்திப் படம் பிடிக்க ஒரு கை வேண்டும். அந்தக் கை என்னிடம் இருக்கிறது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

எலிஃப் அதைப் பார்த்துத்தான் என்னைப் பிடித்தாள். அவள் பேர்ணில் பஸ் ஓட்டுகிறவள், துருக்கிக்காரி. எங்கள் கோயில் இருக்கிற கட்டடத்தில் வேறு சமயத்தவர்களுக்கும் இடம் உண்டு. அவளுடைய ஆட்கள் ஒரு மண்டபத்தில் கூடி, நீளக் கழுத்து வாத்தியம் ஒன்றை மீட்டிப் பாடி, வட்டமாகச் சுற்றிக் கும்பிடுவார்கள். சூஃபி ஞானிகளின் வழி வந்த சனம். அவளுடைய பாட்டன்மார் ஆட்டு மந்தையோடு கோடைக்கு மலைக்கு மேலேயும் குளிருக்குக் கீழேயும் கூடாரம் தூக்கி நடந்த நாடோடிகள். தேர் முடிந்த அன்று மோர் குடித்துக்கொண்டு நின்ற என்னிடம் வந்து, ஆட்களைப் படம் எடுத்தது போதும், மான்களுக்கும் கொஞ்சம் பறந்து கொடு என்றாள்.

விஷயம் இதுதான். மே, ஜூனில் இங்கே புல் இடுப்பளவு வளர்ந்து நிற்கும். தாய் மான் குட்டியை அதற்குள் படுக்க வைத்துவிட்டு மேயப் போகும். ஆபத்து வந்தால் குட்டி ஓடாது, தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடக்கும். நரிக்கு அது சரி. புல் வெட்டும் மெஷினுக்கு அது சரிவராது. அதனால் வெயில் ஏறித் தரை சூடாவதற்கு முன், விடியற்காலையில், சூடு காட்டும் கமெரா பூட்டிய ட்ரோனைப் பறக்கவிட்டு எலிஃப் போன்ற தொண்டர்கள் தேடுவார்கள். குளிர்ந்த புல் கறுப்பாகத் தெரியும், குட்டி ஒரு வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். கையுறை போட்ட ஒருவர் போய், கை நிறையப் புல்லைப் பிடுங்கி, அந்தப் புல்லோடு குட்டியை அள்ளிப் பெட்டியில் வைத்துக் காட்டோரம் கொண்டுபோய் விடுவார். புல் வெட்டி முடிந்ததும் பெட்டியைத் திறந்தால் தாய் வந்து கூட்டிக்கொண்டு போகும்.

இதில் ஒரேயொரு கட்டளை. மனுச வாடை குட்டியில் படக் கூடாது. பட்டால் தாய் ஏற்காமல் விட்டுவிடலாம்.

அந்தப் பகுதியில் இதற்கெல்லாம் பொறுப்பு ஊர்ஸ். மாநில அரசின் வனவிலங்குக் காவலர், அறுபது வயதை எட்டுகிறவர், ஒரு நாளைக்கு நாலு வசனம் கதைப்பார். காலையில் வந்ததும் ஒவ்வொருவருக்கும் கை கொடுப்பார். எலும்பு நொறுங்குகிற மாதிரிக் கொடுப்பார். அவருடைய ஜீப்பின் பின்பக்கத்தில் எப்போதும் துவக்கு இருக்கும். காரில் அடிபட்டுத் துடிக்கிற மிருகங்களுக்கு அவர்தான் முடிவு கொடுக்க வேண்டும். அது அவருடைய வேலை. அதை அவர் விரும்பிச் செய்வதாக யாரும் சொன்னதில்லை.

அன்று ஐந்தே முக்காலுக்கு, றூடி என்ற கமக்காரரின் புல்வெளிக்கு மேலே பறந்தேன். பின்னேரம் மழை என்றபடியால் எட்டு மணிக்கு வெட்டத் தொடங்கவேண்டும் என்று அவர் ட்ராக்டரில் ஏறி உட்கார்ந்தேவிட்டார். ஏழாவது வரிசையில் புள்ளி தெரிந்தது. என்னோடு வந்திருந்த சுமித்ராவும் எலிஃப்பும் புல்லுக்குள் இறங்கினார்கள். சுமித்ரா ஆஸ்பத்திரியில் நோயாளர்களைப் புரட்டிப் படுக்க வைக்கிறவள். அவள் ஒரு உயிரைத் தூக்கினால் அதற்குத் தூக்கிய மாதிரியே இருக்காது. அன்றும் அப்படித்தான், அள்ளிய புல் ஒன்றும் சிந்தாமல் கொண்டுவந்தாள்.

நான் ட்ரோனை இறக்கிவிட்டுப் பார்க்க ஓடினேன். பெட்டிக்குள் புல்லின் மேல் கிடந்தது. முதுகில் வெள்ளைப் புள்ளிகள், என் பெருவிரல் அளவு குளம்பு, ஈர மூக்கு. கண்ணை மூடாமல் என்னையே பார்த்தது. எனக்கு நெஞ்சு நிறைந்துபோய்விட்டது. எங்கள் வள்ளியம்மையைப் பெற்ற சாதியல்லவா என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன். ட்ரோன் விசைகளைப் பிடிப்பதற்காகக் கையுறையைக் கழற்றியிருந்த என் வலது கை, பையில் இருந்த பொட்டலத்துக்குப் போய், குட்டியின் நெற்றிக்குப் போய், மூன்று குறியும் வடிவாக இழுத்துவிட்டுத் திரும்பி வந்தது.

“என்னப்பா செய்து போட்டியள்?” என்றாள் சுமித்ரா. சத்தம் போடவில்லை. அவள் சத்தம் போட்டிருந்தால் எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

ஊர்ஸ் வந்து குனிந்து பார்த்தார். மூன்று வெள்ளைக் கோடுகளையும் பார்த்தார், என் விரலையும் பார்த்தார். துடைக்கப் போனேன். துடைத்தால் இன்னும் மோசம் என்று தடுத்தார். பிறகு அன்றைய நாலு வசனங்களையும் ஒரேயடியாகச் செலவழித்தார். குட்டியின் வயிறு வெறுமையாக இருக்கிறது, நெடுநேரம் தாங்காது. வீட்டில் வைத்துப் போத்தலில் பால் கொடுத்து வளர்க்க அனுமதியில்லை, வளர்த்தாலும் அது காட்டுக்கு உதவாது. பன்னிரண்டு மணிக்குள் தாய் ஏற்காவிட்டால், பட்டினியில் துடிக்க விடாமல் தான் செய்யவேண்டியதைச் செய்வார். நாலாவது வசனம் எனக்கு.

“அந்தக் கையைப் பைக்குள்ளேயே வைத்திருங்கள்.”

வைத்தேன். ஐம்பத்தொரு வயது ஆள், வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்ட பள்ளிக்கூடப் பெடியன் மாதிரிக் கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றேன்.

ஒன்பதரைக்கு றூடி வெட்டி முடித்தார். காட்டோரத்தில் பெட்டியைத் திறந்து குட்டியைப் புல்லோடு தரையில் வைத்துவிட்டு, இருநூறு மீற்றர் தள்ளியிருந்த மாட்டுக் கொட்டிலின் பின்னால் போய் உட்கார்ந்தோம். ஊர்ஸின் தூரக்கண்ணாடி ஆளுக்கு ஆள் கைமாறியது. றூடி கோப்பி கொண்டுவந்து தந்துவிட்டு, அது என்ன சாம்பல் என்று கேட்டார். பசுச் சாணத்தைச் சுட்டு எடுப்பது, எங்களுடையது வாசனை போடாதது என்றேன். வாசனை போட்டது சுமித்ராவுக்குத் தும்மல் வரப்பண்ணும். றூடி விழுந்து விழுந்து சிரித்தார். நாற்பது மாடு நிற்கிற மேட்டில் சாணி மணத்துக்கு எந்த மான் பயப்படும் என்றார். தான் கொப்புகள் எரித்த இடத்தில் கன்றுக்குட்டிகள் சாம்பலை நக்கி முடித்துவிடுமாம். பிரச்சினை சாம்பல் இல்லை, விரல் என்றார் ஊர்ஸ். றூடியின் சிரிப்பு நின்றது.

பத்தேகாலுக்குத் தாய் வந்தது. காட்டுக்குள் இருந்து ஒரு கால், பிறகு ஒரு கால். குட்டிக்குக் கிட்டப் போய் மூக்கை நீட்டியது. திடீரென்று சுட்டுக்கொண்டது மாதிரித் துள்ளிப் பின்வாங்கி, நாய் குரைக்கிற மாதிரி ஒரு சத்தம் போட்டு, மரங்களுக்குள் ஓடிப்போய்விட்டது.

எனக்கு அழுகை வந்தது. மறைக்கவும் இல்லை. ஏன் அப்படிச் செய்தாய் என்று எலிஃப் கேட்டாள், குற்றம் சாட்டுவதற்கில்லை, தெரிந்துகொள்வதற்கு. வள்ளியின் கதையைச் சொன்னேன். காட்டில் ஒரு முனிவர் பார்த்த பார்வையில் மான் ஒன்று கருவுற்றது. அது பெற்றது மனுசக் குழந்தை. தன் இனம் இல்லையென்று கண்டதும் வள்ளிக்கிழங்கு தோண்டிய குழிக்குள் பிள்ளையை விட்டுவிட்டு ஓடிவிட்டது. வேடர்கள் எடுத்து வளர்த்தார்கள். அவளைத்தான் எங்கள் முருகன் தேடிப் போய்க் கட்டினார்.

சொல்லிக்கொண்டு போகும்போதே எனக்கு விளங்கிவிட்டது. இந்தக் கதையை எத்தனை கோயிலில் எத்தனை தரம் படம் பிடித்திருப்பேன். எப்போதும் கலியாணத்தில்தான் முடிப்போம், மேளம் அடிப்போம், சர்க்கரைத் தண்ணீர் கொடுப்போம். ஓடிப்போன மான் என்ன ஆனது என்று யாரும் கேட்டதில்லை. எங்கள் கதையில் மான் திரும்பி வரவில்லை. இப்போது நான் ஒரு மான்குட்டியின் நெற்றியில் எங்கள் அடையாளத்தைப் போட்டு, அதை உன் இனம் இல்லை என்று அதன் தாய்க்கே காட்டிக் கொடுத்திருக்கிறேன்.

எலிஃப் கோப்பியைக் கீழே வைத்தாள். பிறகு, எங்களிடம் இருக்கிற கதை வேறு என்றாள். வேடன் ஒருவன் தாய் மானைப் பிடித்துக் கட்டிவைத்திருந்தான். அந்த வழியால் வந்த நபியிடம் மான் கேட்டது, மலையில் என் குட்டிகள் பசியோடு கிடக்கின்றன, பால் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று. அவிழ்த்துவிட்டால் மான் வருமா என்று வேடன் சிரித்தான். வராவிட்டால் என்னைப் பிடித்துக்கொள் என்று நபி பிணை நின்றார். மான் போனது. பால் கொடுத்தது. குட்டிகளையும் கூட்டிக்கொண்டு திரும்பி வந்து நின்றது. வேடன் வில்லைக் கீழே போட்டான்.

“எல்லாரும் பிணை நின்றவரைப் பாடுவார்கள்,” என்றாள் எலிஃப். “எங்கள் கூடாரங்களில் மானைத்தான் பாடினார்கள். முழு மலையும் திறந்து கிடந்தது. கட்டு இல்லை, காவல் இல்லை. அவள் கயிற்றுக்கு வரவில்லை, சொல்லுக்கு வந்தாள். ஆத்மா என்றால் அதுதான் என்பார்கள் எங்கள் பெரியவர்கள்.”

அதனால் அவளுடைய ஆட்கள் மானைச் சுட்டதே இல்லையாம். மான் படுத்த இடத்தில் கூடாரம் அடிக்க மாட்டார்களாம். மான் மேல் ஏறி மலையிலிருந்து இறங்கி வந்த ஞானிகள் உண்டாம், மானாகவே திரிந்தவர்களும் உண்டாம். கேட்க நன்றாக இருந்தது. ஆனால் யுத்தத்துக்குள் இருந்து வந்த எனக்கு, போனவர்கள் திரும்பி வருவார்கள் என்று நம்புகிற பழக்கம் விட்டுப்போய் முப்பது வருடம். அதை அவளிடம் சொன்னேன். உன்னை யார் நம்பச் சொன்னது, பொறுத்துப் பார் என்றாள்.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஊர்ஸ் எழும்பினார். தாய் போய்விட்டது, இனிக் காத்திருப்பது குட்டிக்குச் செய்கிற கொடுமை என்றார். ஜீப்பை நோக்கி நடந்தார். பின்கதவு திறக்கிற சத்தம் கேட்டது.

நான் எழும்பி ஓடினேன். ஒரே ஒரு தரம் பறக்க விடுங்கள், உயரத்தில், சத்தம் கேட்காத உயரத்தில், தாய் உண்மையாகவே போய்விட்டதா என்று மட்டும் பார்ப்போம் என்றேன். அவர் என் பையைப் பார்த்தார். கையை வெளியே எடுத்துக்கொள்ளத் தலையை ஆட்டினார்.

தேர் எடுத்த கை என்று சொன்னேன் அல்லவா. அன்றைக்கும் ட்ரோன் ஆடவில்லை. நூறு மீற்றருக்கு ஏற்றி, காட்டோரமாக அங்குலம் அங்குலமாக நகர்த்தினேன். புல்வெளி ஓரத்தில் சின்னப் புள்ளி. மரநிழலில் தரை இன்னும் சூடாகாதபடியால் காடு முழுக்கச் சாம்பல் நிறம். மரங்களுக்கு நடுவே ஒரு சிறு வெளி வந்தது. அதில் ஒரு பெரிய வெள்ளைப் புள்ளி நின்றது. குட்டியிடமிருந்து நாற்பது அடிகூட இல்லை. நின்ற இடத்திலேயே முன்னுக்கும் பின்னுக்கும் அசைந்துகொண்டிருந்தது.

“போகேல்லையப்பா,” என்றாள் என் தோளுக்குப் பின்னால் நின்ற சுமித்ரா. “அவள் அங்கைதான் நிக்கிறாள்.”

ஊர்ஸ் திரையை நெடுநேரம் பார்த்தார். நிற்பது வேறு, வருவது வேறு என்றார். அவருடைய தோளில் துவக்கு ஏறியிருந்தது. இன்னும் ஒரு மணித்தியாலம் கேட்டேன். யாருடைய பொறுப்பில் என்று கேட்டார். அந்தக் குட்டி பசியில் கதறிச் சாகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் யார் பதில் சொல்வது என்று கேட்டார். நியாயமான கேள்வி. அவர் மேல் எனக்கு ஒரு கோபமும் வரவில்லை.

நான் கோழி வெட்டுகிற இடத்தில் நிற்க மாட்டேன். ஆஸ்பத்திரிச் சமையலறையிலும் கேட்டு வாங்கி மரக்கறிப் பக்கத்தில்தான் நிற்கிறேன். அது தெரிந்தபடியால்தான், நான் அடுத்துச் சொன்னதைக் கேட்டு சுமித்ரா என் முகத்தை அப்படித் திரும்பிப் பார்த்தாள்.

“நான் பிணை,” என்றேன். “ஒரு மணிக்குள் அவள் வராவிட்டால், குட்டியை இந்தக் கையால் நானே பிடித்துக்கொண்டு நிற்பேன். நீங்கள் சுடும்போது கண்ணை மூட மாட்டேன்.”

ஊர்ஸ் என்னைப் பார்த்தார். எலிஃப்பைப் பார்த்தார். அவள் சொன்ன கதையை அவரும் அந்தப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தார். கடைசியில் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு, துவக்கைத் தோளிலிருந்து இறக்காமல் கொட்டில் சுவரில் சாய்ந்தார்.

அந்த நேரத்தில் எத்தனை தெய்வத்தைக் கூப்பிட்டேன் என்று எனக்கே தெரியாது. வேலனைக் கூப்பிட்டேன். வள்ளியைக் கூப்பிட்டு, உன்னை விட்டுப்போன தாயை மன்னித்துவிடு, இந்தத் தாயைத் திருப்பி அனுப்பு என்று கேட்டேன். எலிஃப்பின் நபியையும் கேட்டேன். பக்கத்தில் அவளுடைய உதடுகளும் அசைந்துகொண்டிருந்தன. மேற்கே முகில் கறுத்து வந்தது. பன்னிரண்டரை ஆனது. முக்கால் ஆனது.

பன்னிரண்டு ஐம்பத்திரண்டுக்குக் குட்டி கத்தியது. மெல்லிய ஒரு கீச்சுச் சத்தம், இருநூறு மீற்றர் தாண்டிக் காற்றில் வந்தது. அதுவரை கத்தாத குட்டி.

தாய் வந்தது. இந்த முறை ஒவ்வொரு காலாக இல்லை, ஓடி வந்தது. குட்டிக்கு முன்னால் வந்து நின்று, முன்னங்கால் ஒன்றைத் தூக்கியபடி மூக்கை நீட்டியது. பின்வாங்கியது. மறுபடி நீட்டியது. பிறகு நாக்கை எடுத்து, குட்டியின் நெற்றியில், என் மூன்று குறியின் மேல், ஒரு நக்கு நக்கியது.

நின்றது. யோசித்தது. மறுபடி நக்கியது. பிறகு நிறுத்தவே இல்லை. நெற்றி, காது, முகம், கழுத்து என்று நக்கித் தள்ளியது. பண்டிகைக்குப் பிள்ளையைக் குளிப்பாட்டுகிற தாய்மார் உண்டே, கத்தக் கத்தத் தேய்ப்பார்கள், அப்படித் தேய்த்தது. றூடி என் விலாவில் இடித்து, சாம்பல், சாம்பல் என்று வாயை மட்டும் அசைத்துக் காட்டினார். தூரக்கண்ணாடி என்னிடம் வந்தபோது குட்டியின் நெற்றியில் ஒரு துளி வெள்ளை இல்லை. குட்டி நாலு காலையும் நாலு பக்கம் பரப்பிக்கொண்டு எழும்பியது, விழுந்தது, எழும்பியது. தாயின் வயிற்றுக்குக் கீழே தலையை விட்டது. அதன் வால் ஆடத் தொடங்கியது.

கத்த வேண்டும் போல் இருந்தது. கத்தினால் மான் ஓடிவிடும். சுமித்ரா என் சட்டைக் கையைக் கிழிகிற அளவுக்குப் பிடித்திருந்தாள். எலிஃப் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். றூடி தொப்பியைக் கடித்துக்கொண்டிருந்தார். நாலு வளர்ந்த மனிதர்கள் ஒரு மாட்டுக் கொட்டிலின் பின்னால் சத்தமில்லாமல் குதித்துக்கொண்டிருந்ததை அந்தப் பக்கத்து மாடுகள் எல்லாம் பார்த்துக்கொண்டு நின்றன.

பால் குடித்து முடிந்ததும் தாய் நடந்தது. குட்டி தள்ளாடிப் பின்னால் போனது. காட்டின் முதல் மரத்தடியில் தாய் ஒருமுறை நின்று திரும்பிப் பார்த்துவிட்டு உள்ளே போனது. இலைகள் ஆடி அடங்கும்வரை பொறுத்தேன்.

“அரோகரா!”

வடம் இழுக்கிற அன்று வருகிற சத்தம் அது. எதிர்மலையில் பட்டுத் திரும்பி வந்தது. எலிஃப் தன் மொழியில் ஏதோ நீட்டிப் பாடினாள், றூடி மேய்ச்சல் மாடுகளைக் கூப்பிடுகிற குரலில் ஒரு இழுவை இழுத்தார். சுமித்ரா அழுதுகொண்டே சிரித்தாள். என் பையிலிருந்த பொட்டலத்தை எடுத்துத் தன் கைப்பைக்குள் போட்டு, “இனி இது என்னட்டைத்தான்,” என்றாள். சரி என்றேன். அவள் என்ன கேட்டிருந்தாலும் அன்றைக்குச் சரி என்றிருப்பேன்.

ஊர்ஸ் சுவரோரம் திரும்பி நின்று துவக்கிலிருந்து தோட்டாவைக் கழற்றினார். துவக்கைக் கொண்டுபோய் ஜீப்பில் வைத்துப் பூட்டினார். பிறகு நேராக என்னிடம் வந்து கையை நீட்டினார். விடியற்காலையில் ஏற்கெனவே கை கொடுத்துவிட்டோம், போகும்போதும் கொடுப்பது இந்த நாட்டு வழக்கம்தான். நான் அவசரத்தில் இடது கையை நீட்டினேன். வலது கை பழக்கதோஷத்தில் மறுபடி பைக்குள் போயிருந்தது.

“அது இல்லை,” என்றார். “அந்தக் கை.”

எடுத்தேன். விரல் இடுக்கெல்லாம் திருநீறு, வியர்வையில் ஊறிப் போயிருந்தது. துடைக்கப் பார்த்தேன், அவர் விடவில்லை. எலும்பு நொறுங்கப் பிடித்துக் குலுக்கினார். விட்டபோது அவருடைய உள்ளங்கை வெள்ளையாக இருந்தது. அதை ஒருதரம் பார்த்தார். காற்சட்டையில் துடைக்கவில்லை. அந்தக் கையாலேயே ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மலையை விட்டு இறங்கிப் போனார்.